யூமவுண்ட் 'பிஸி' என்கிறது, எல்எஸ்ஓஎஃப் காலி: டிஸ்கை எப்படிக் கழற்றுவது?

நீலவண்டு:

லினக்ஸ் சர்வர் ஒன்றில் யூஎஸ்பி வழியாக 4 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறது. ஒரே பார்ட்டிஷன்; லக்ஸ் என்க்ரிப்ஷன், அதன்மேல் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம். லக்ஸைத் திறந்ததும் வரும் மேப்பர் சாதனத்தின் பெயர் 'பேக்கப்', மவுண்ட் ஆகும் இடம் /எம்என்டி/பேக்கப். வாரம் ஒருமுறை இதைக் கழற்றிவிட்டு இன்னொரு டிஸ்கை மாட்டவேண்டும்.

இப்போது டிஸ்கை விடுவிக்க யூமவுண்ட் கொடுத்தால் 'டார்கெட் இஸ் பிஸி'. யார் ஃபைல் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க எல்எஸ்ஓஎஃப் /எம்என்டி/பேக்கப் கொடுத்தால் ஒரு வரிகூட வரவில்லை. பேக்கப் ஸ்கிரிப்ட் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது, டிஸ்கின் விளக்கும் மினுக்கவில்லை. கன்டெய்னர்கள் (தனித்தனியாக ஒதுக்கி ஓட்டப்படும் நிரல்கள்) ஓடிக்கொண்டிருப்பதால் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய முடியாது.

யூமவுண்ட் -எல் போட்டால் போய்விடும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். போட்டுவிட்டுக் கேபிளைப் பிடுங்கலாமா? இன்னொன்று: இதே மாதிரி டிஸ்க் ஒரு விண்டோஸ் கணினியிலும் உண்டு, அங்கேயும் எஜெக்ட் செய்யும்போது 'இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்று அடம்பிடிக்கிறது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று அங்கே எப்படிப் பார்ப்பது?

விரைவுவண்டி:

யூமவுண்ட் -எல் போடுங்க, உடனே போயிடும். அப்புறம் ஒரு சிங்க் அடிச்சிட்டுக் கழட்டிடலாம். இதுக்குப் போய் ஏன் இவ்வளவு யோசனை?

கோடரி:

தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம். -எல் செய்வது ஒன்றே ஒன்றுதான்: மவுண்ட் ஆன இடத்தை அடைவு மரத்திலிருந்து எடுத்துவிடும். ஃபைல்சிஸ்டம் உள்ளே உயிரோடுதான் இருக்கும். ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் கடைசி ப்ராசஸ் (ஓடும் நிரல்) அதை மூடும்வரை கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அந்த டிஸ்கை விடாது. அதுவரை அந்த ப்ராசஸ் எழுதிக்கொண்டே இருக்கலாம். நீங்கள் அடித்த சிங்க் அந்த நொடிவரை மெமரியில் தேங்கியதைத்தான் டிஸ்கில் இறக்கும். மறுநொடி எழுதப்படுவதற்கு அது பொறுப்பில்லை. போதாக்குறைக்கு, பாதை மறைந்துவிட்டதால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாதையை வைத்துத் தேடும் வழியும் அடைபட்டுப் போகும். 'பிஸி' என்ற பதிலில் இருக்கும் ஒரே பயனுள்ள தகவலை நாமே அழித்துவிடுகிறோம்.

அந்த நிலையில் பிடுங்கினால் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ஐ/ஓ பிழைகள் கொட்டும், எக்ஸ்ட்4 தன் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கைவிட்டு ரீட்-ஒன்லிக்குப் போகும். அதே டிஸ்கைத் திரும்ப மாட்டினால் கெர்னல் அதற்குக் கொடுத்திருந்த எஸ்டிபி என்ற பெயர் இன்னும் பிடிபட்டிருப்பதால் எஸ்டிசி என்று வரும். லக்ஸ் திறக்கப் பார்த்தால் 'பேக்கப்' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும். பிறகு நீங்கள் தவிர்க்க நினைத்த ரீஸ்டார்ட்தான் கதி.

-எஃப் தேர்வும் இதற்கு உதவாது. பதில் சொல்லாமல் போன என்எஃப்எஸ் போன்ற நெட்வொர்க் மவுண்டுகளுக்காக வந்தது அது.

சரி, யார் என்று பார்ப்போம். எல்எஸ்ஓஎஃப் கமாண்டை சூடோ (நிர்வாகி உரிமை) இல்லாமல் ஓட்டியிருந்தால் உங்கள் பயனரின் ப்ராசஸ்கள் மட்டுமே தெரிந்திருக்கும். காலியாக வருவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான். அதைவிட, டிஸ்கைப் பயன்படுத்தும் ப்ராசஸ்களைக் காட்டும் ஃபியூசரை ஓட்டுங்கள்:

சூடோ ஃபியூசர் -வி -எம் -எம் /எம்என்டி/பேக்கப்

இதில் முதல் 'எம்' சின்ன எழுத்து, இரண்டாவது பெரிய எழுத்து. பெரிய எம்மை விடாதீர்கள். சின்ன எம் மட்டும் இருந்து, கொடுத்த பாதை மவுண்ட் பாயின்டாக இல்லாவிட்டால், அந்தப் பாதை எந்த ஃபைல்சிஸ்டத்தில் இருக்கிறதோ அதைப் பயன்படுத்தும் எல்லா ப்ராசஸையும் காட்டும். டிஸ்க் ஏற்கெனவே அன்மவுண்ட் ஆகியிருந்தால் அந்த ஃபைல்சிஸ்டம் உங்கள் ரூட். காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. கூடவே -கே என்று கொல்லும் தேர்வையும் சேர்த்திருந்தால் முழுச் சர்வரும் படுத்துவிடும். பெரிய எம் இருந்தால் மவுண்ட் பாயின்ட் அல்லாத பாதைக்கு எதுவும் செய்யாது.

வரும் பட்டியலில் 'ஆக்சஸ்' என்ற பத்தியைப் பாருங்கள். சின்ன 'சி' என்றால் அந்த ப்ராசஸ் அந்த அடைவுக்குள் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஏதோ ஒரு டெர்மினலில் யாரோ /எம்என்டி/பேக்கப்புக்குள் சிடி செய்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். பின்னணியில் ஷெல்லை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ், ஸ்க்ரீன் இரண்டிலும் மறந்துபோன ஷெல் இப்படித்தான் மாட்டும். வெளியே வந்தால் போதும், எதையும் கொல்லவேண்டாம். 'இ' என்றால் டிஸ்கில் இருக்கும் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்ன 'எம்' என்றால் ஏதோ ஃபைல் மெமரியில் மேப் ஆகியிருக்கிறது. பெரிய 'எஃப்'தான் கவனிக்கவேண்டியது: எழுதுவதற்காகத் திறந்த ஃபைல். அந்த ப்ராசஸுக்குரிய சர்வீஸை முறையாக நிறுத்துங்கள். கொல்லத்தான் வேண்டுமென்றால், ஃபியூசர் -கே தானாக அனுப்புவது உடனே கொல்லும் சிக்கில் சிக்னல் என்பதை நினைவில் வையுங்கள். -டெர்ம் சேர்த்தால்தான் அந்த நிரலுக்குத் தன் பஃபரை எழுதிமுடிக்க வாய்ப்புக் கிடைக்கும்.

ப்ராசஸ் எதுவும் இல்லாமல் 'கெர்னல் மவுண்ட்' என்ற வரி மட்டும் வந்தால், பிடித்திருப்பது ப்ராசஸ் இல்லை, கெர்னலே. அப்போது மூன்று இடம் பாருங்கள். ஃபைண்ட்மவுண்ட் -ஆர் (பெரிய எழுத்து) /எம்என்டி/பேக்கப் கொடுத்தால் இதற்குள்ளே வேறு மவுண்ட் இருக்கிறதா என்று தெரியும். ஸ்வாப்ஆன் --ஷோ கொடுத்தால் யாராவது இந்த டிஸ்கில் ஸ்வாப் ஃபைல் வைத்திருக்கிறார்களா என்று தெரியும். லோசெட்அப் -எல் கொடுத்தால் டிஸ்கில் உள்ள இமேஜ் ஃபைல் எதுவும் லூப் சாதனமாக (ஃபைலையே டிஸ்க்போல் காட்டுவது) மாட்டப்பட்டிருக்கிறதா என்று 'பேக்-ஃபைல்' பத்தியில் தெரியும். மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுவார்கள். இமேஜைத் திறந்து வைத்திருப்பது கெர்னல், எனவே எல்எஸ்ஓஎஃப் கண்ணுக்கு அது படாது.

நீலவண்டு:

மிக்க நன்றி. சூடோவோடு ஓட்டியதில் 'ரூட் கெர்னல் மவுண்ட்' என்ற ஒரே வரிதான் வந்தது. லோசெட்அப்பில் சிக்கிவிட்டது: பழைய விஎம் (மெய்நிகர் கணினி) ஒன்றின் இமேஜ் ஃபைல் லூப்0 ஆக மாட்டியிருக்கிறது. லோசெட்அப் -டி /டெவ்/லூப்0 கொடுத்தேன், பிழை எதுவும் வரவில்லை. ஆனால் யூமவுண்ட் இன்னமும் பிஸி என்கிறது.

கோடரி:

லூப்0 வேறு எங்கேயோ மவுண்ட் ஆகியிருக்கிறது. கெர்னல் 3.7 முதல் லோசெட்அப் -டி இப்படித்தான்: சாதனம் பயன்பாட்டில் இருந்தாலும் பிழை சொல்லாது. 'கடைசியாகப் பயன்படுத்துபவர் விட்டதும் கழற்று' என்று குறித்துவைத்துக்கொண்டு வெற்றி என்றே திரும்பும். ஃபைண்ட்மவுண்ட் /டெவ்/லூப்0 கொடுத்தால் எங்கே மவுண்ட் என்று காட்டும். பார்ட்டிஷன் உள்ள இமேஜ் என்றால் /டெவ்/லூப்0பி1 என்று தேடவேண்டும். முதலில் அதை யூமவுண்ட் செய்யுங்கள். லோசெட்அப் -எல் பட்டியலிலிருந்து லூப்0 தானாகவே மறைந்துவிடும். பிறகு பேக்கப்பை யூமவுண்ட் செய்யுங்கள்.

இந்த முறை யூமவுண்ட் சில நிமிடம் அசையாமல் நின்றால் பதறி கன்ட்ரோல்-சி அடிக்கவேண்டாம், டிஸ்கையும் தொடவேண்டாம். காப்பி முடிந்தது என்று நிரல் சொல்வது மெமரியில் எழுதி முடித்ததைத்தான். இயல்புநிலை அமைப்பில், பயன்படுத்தக்கூடிய மெமரியில் 20 சதவீதம்வரை இப்படி எழுதப்படாத தரவு தேங்க கெர்னல் விடும். பின்னணியில் இறக்கத் தொடங்குவதே 10 சதவீதத்தைத் தாண்டியபிறகோ, தரவு 30 நொடி பழையதான பிறகோதான். 16 ஜிபி மெமரி உள்ள கணினியில் இது 3 ஜிபியை ஒட்டி வரலாம். மெதுவான பென்டிரைவ் நொடிக்கு 10 எம்பி எழுதினால் 5 நிமிடம் ஆகும். இன்னொரு டெர்மினலில் /ப்ராக்/மெம்இன்ஃபோவில் 'டர்ட்டி', 'ரைட்பேக்' இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். எண் இறங்கிக்கொண்டே இருந்தால் எல்லாம் சரி. மற்ற டிஸ்குகளின் தரவும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால் பூஜ்யம்வரை போகாது.

நீலவண்டு:

யூமவுண்ட் ஆகிவிட்டது! ஆனால் அடுத்த பூதம்: லக்ஸை மூட கிரிப்ட்செட்அப் குளோஸ் பேக்கப் கொடுத்தால் 'டிவைஸ் பேக்கப் இஸ் ஸ்டில் இன் யூஸ்'. ஃபைண்ட்மவுண்டில் எதுவும் இல்லை, லோசெட்அப்பிலும் இல்லை. மவுண்டே இல்லாதபோது யார் பயன்படுத்துகிறார்கள்?

அடுக்குமல்லி:

கன்டெய்னர்கள் ஓடுகின்றன என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், விடை அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி மவுண்ட் நேம்ஸ்பேஸ், அதாவது தனக்கென ஒரு மவுண்ட் பட்டியல். டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்த நேரத்தில் ஒரு கன்டெய்னர் தொடங்கி, அதற்குள் அந்த அடைவு தெரியும்படி கொடுக்கப்பட்டிருந்தால், அங்கே அந்த மவுண்டுக்கு ஒரு நகல் உருவாகியிருக்கும். வெளியே நீங்கள் செய்த யூமவுண்ட் உங்கள் பக்கத்து நகலை மட்டுமே எடுத்தது. ஃபைல்சிஸ்டம் இன்னும் உள்ளே ஓடுகிறது. உங்கள் ஃபைண்ட்மவுண்டுக்கு உங்கள் நேம்ஸ்பேஸ் மட்டும்தான் தெரியும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டிஎம்செட்அப் இன்ஃபோ -சி கொடுத்தால் 'ஓப்பன்' பத்தியில் பேக்கப்புக்கு நேராக 1 இருக்கும். எந்த டிஎம் எண் என்று எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,கேநேம் காட்டும். டிஎம்-0 என்றால், பிஎஸ் பட்டியலில் ஜேபிடி2/டிஎம்-0-8 என்ற கெர்னல் த்ரெட் இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்ட்4 ஜர்னலை எழுதும் த்ரெட் அது. அது இருக்கும்வரை ஃபைல்சிஸ்டம் உயிரோடு இருக்கிறது. மேலே பேசிய யூமவுண்ட் -எல் விஷயத்திலும் இதே சோதனை செல்லும். ஏற்கெனவே -எல் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் இந்த த்ரெட் மறையும்வரை கேபிளைத் தொடக்கூடாது.

பிடித்திருக்கும் ப்ராசஸைக் கண்டுபிடிக்க:

சூடோ கிரெப் -எல் மேப்பர்/பேக்கப் /ப்ராக்/*/மவுண்ட்இன்ஃபோ

(இங்கே எல் சின்ன எழுத்து, ஃபைல் பெயரை மட்டும் காட்டச் சொல்வது.) வரும் ஒவ்வொரு வரியிலும் நடுவில் இருப்பது பிஐடி, அதாவது ப்ராசஸ் எண். அந்த எண்ணுக்கு பிஎஸ் -பி கொடுத்தால் எந்தக் கன்டெய்னர் என்று புரிந்துவிடும். கன்டெய்னர் என்றே இருக்கவேண்டியதில்லை. சிஸ்டம்டி சர்வீஸ்களில் ப்ரைவேட்டெம்ப், ப்ரொடெக்ட்சிஸ்டம் போன்ற பாதுகாப்பு அமைப்பு உள்ளவையும் தனி நேம்ஸ்பேஸில்தான் ஓடும். ஆனால் அவற்றுக்கு வெளியில் நடக்கும் யூமவுண்ட் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும், அதனால் தொல்லை குறைவு. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் இயல்புநிலை ஆர்ப்ரைவேட், அதாவது எதுவும் போய்ச் சேராது.

அந்த ஒரு கன்டெய்னரை மட்டும் நிறுத்துங்கள். த்ரெட் மறையும், ஓப்பன் 0 ஆகும், கிரிப்ட்செட்அப் குளோஸ் உடனே வேலை செய்யும்.

இது வாராவாரம் வராமலிருக்க, அந்தக் கன்டெய்னருக்கு வால்யூம் கொடுக்கும்போது பாதையின் கடைசியில், வெளியே நடப்பதை உள்ளே கடத்தும் ஆர்ஸ்லேவ் சேர்க்கவேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பல வழிகாட்டிகளில் இது விடுபட்டிருக்கும். /எம்என்டி/பேக்கப்பையே நேராகக் கொடுத்து ஆர்ஸ்லேவ் போட்டால் பலனில்லை. யூமவுண்ட் நிகழ்வு பரவுவது தாய் மவுண்ட் வழியாக. ஆகவே /எம்என்டியைக் கொடுத்து, கன்டெய்னருக்குள்ளே அதன் கீழ் பேக்கப் என்று பார்க்கவேண்டும். அப்படிச் செய்தால் வெளியே யூமவுண்ட் செய்யும்போது உள்ளேயும் எடுபடும், வெளியே புதிதாக மவுண்ட் செய்யும் அடுத்த டிஸ்கும் உள்ளே தானாகத் தெரியும். உங்கள் வாராந்திர மாற்றத்துக்கு இது இரட்டை லாபம்.

ஜன்னலோரம்:

விண்டோஸ் பகுதிக்கு யாரும் பதில் சொல்லலையே, நான் சொல்றேன்.

எஜெக்ட் தோத்துப்போனதும் உடனே ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போங்க. கெர்னல்-பிஎன்பி மூலத்துலேருந்து 225ங்கிற எண்ணோட ஒரு பதிவு இருக்கும். எந்த எக்ஸ்இ, எந்த ப்ராசஸ் ஐடி எஜெக்டைத் தடுத்துச்சுன்னு பெயரோடயே எழுதியிருக்கும். மத்த எந்தக் கருவியையும் இறக்குறதுக்கு முன்னாடி பார்க்கவேண்டிய இடம் இதுதான். சில நேரம் அதுல டாஸ்க் மேனேஜர் பெயரே இருக்கும். யார் பிடிச்சிருக்காங்கன்னு பார்க்கத் திறந்தவரே பிடிச்சிருப்பார், மூடிட்டு எஜெக்ட் பண்ணுங்க.

பதிவு இல்லைன்னா ரிசோர்ஸ் மானிட்டர்ல சிபியூ டேப், அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் தேடல் பெட்டியில டிரைவ் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் அடிச்சா திறந்திருக்கிற ஃபைல்கள் வரும்.

ப்ராசஸ் ஐடி 4ன்னு வந்தா அது 'சிஸ்டம்', அதாவது கெர்னல். அதைக் கொல்ல முடியாது, காரணத்தை எடுக்கணும்: டிஸ்கில பேஜ்ஃபைல் வச்சிருக்கீங்களா, சிஸ்டம் ப்ரொடெக்ஷன் அந்த டிரைவுக்கு ஆன்ல இருக்கா, டிஸ்கில இருக்கிற ஃபோல்டரை நெட்வொர்க்ல ஷேர் பண்ணியிருக்கா, விஎச்டி இமேஜ் ஏதாவது மவுண்ட் ஆகியிருக்கா. கடைசியா சொன்னது உங்க லூப் கதையேதான், விண்டோஸ் வேஷத்துல.

ஒண்ணும் பிடிபடலைன்னா டிஸ்க் மேனேஜ்மென்ட்ல கீழ்ப்பக்கம் டிஸ்க் எண்மேல ரைட்-கிளிக் பண்ணி ஆஃப்லைன் கொடுங்க. யூஎஸ்பி ஹார்ட் டிஸ்குக்கு இது இருக்கும், பென்டிரைவுக்கு இருக்காது. ஆனா விண்டோஸ் இதை ஞாபகம் வச்சுக்கும். அடுத்த தடவை மாட்டும்போது டிரைவ் எழுத்தே வராது, அதே இடத்துல ஆன்லைன் கொடுக்கணும். 'டிஸ்க் செத்துப்போச்சு'ன்னு வர்ற கேள்விகள்ல ஒரு பகுதி இதுதான். மவுண்ட்வால் /பி இன்னொரு வழி, ஆனா அது திறந்திருக்கிற ஹேண்டில்களைத் தானே மூடிட்டுத்தான் டிஸ்மவுண்ட் பண்ணும். அந்த நிரல் பாதி எழுதியிருந்தா பாதியோட நிக்கும்.

ஷட்டவுன் பண்ணிட்டுக் கழட்டுறதும் நல்ல வழிதான், ஆனா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன்ங்கிறது கெர்னலை ஹைபர்னேட் பண்றதுதான். ஷிஃப்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஷட்டவுன் கொடுங்க, இல்ல ஷட்டவுன் /எஸ் /டி 0. அப்பதான் முழுசா அணையும்.

விரைவுவண்டி:

விண்டோஸ் 10ல 1809 பதிப்புலேருந்து 'குவிக் ரிமூவல்' தான் இயல்புநிலை. எஜெக்டே தேவையில்லைன்னு சொல்றாங்களே?

கோடரி:

குவிக் ரிமூவல் நிறுத்துவது எழுத்தைத் தேக்கிவைப்பதை மட்டும். திறந்திருக்கும் நிரல் தன் பஃபரில் வைத்திருப்பதை அது தொடாது. எதுவும் திறந்திராமல், எழுத்து முடிந்து சும்மா இருக்கும் பென்டிரைவுக்கு அது போதும். ஹார்ட் டிஸ்குக்குப் போதாது.

ஹார்ட் டிஸ்கில் தகடு சுற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், சுற்றும் மோட்டார் உண்டாக்கும் மின்சாரத்தை வைத்தே ஹெட்டை அவசரமாக ஒதுக்கிவிடும். உடனே கெட்டுப்போகாது, ஆனால் இயல்பாக ஒதுங்குவதைவிட அதில் தேய்மானம் அதிகம். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 192ஆம் எண் பெரும்பாலான டிஸ்குகளில் இதைத்தான் எண்ணுகிறது. நீலவண்டு, நீங்கள் கழற்றும் முறை சரிதானா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது: கழற்றுமுன் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ ஓட்டி 192இன் 'ரா' மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்தமுறை மாட்டியதும் பாருங்கள். கூடியிருந்தால் தகடு நிற்கும் முன்பே மின்சாரம் போயிருக்கிறது.

ஃப்ளாஷ் வகைகளில் ஆபத்து வேறு மாதிரி. கணினி எழுதி முடித்த பிறகும் கன்ட்ரோலர் உள்ளுக்குள் பிளாக்குகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் இப்போது எழுதியது மட்டுமல்ல, எப்போதோ எழுதிய ஃபைலும் அடிபடலாம். எக்ஸ்ஃபேட், ஃபேட்32 இரண்டிலும் ஜர்னல் இல்லை, பாதியில் நின்ற மாற்றத்தை அவற்றால் திருப்பிச் சரிசெய்துகொள்ள முடியாது. என்டிஎஃப்எஸ் ஜர்னல் வைத்திருக்கிறது, ஆனால் மெட்டாடேட்டாவுக்கு மட்டும். ஃபோல்டர் அமைப்பு பிழைக்கும், ஃபைலின் உள்ளடக்கத்துக்கு உத்தரவாதமில்லை.

நீலவண்டு:

கிரெப்பில் ஒரே பிஐடி வந்தது, ஃபைல்களை ஒத்திசைக்கும் கன்டெய்னர். நிறுத்தியதும் ஜேபிடி2 த்ரெட் போய்விட்டது, குளோஸும் ஆகிவிட்டது. விண்டோஸில் 225ஐப் பார்த்தேன், ப்ராசஸ் ஐடி 4, காரணம் ஷேர் செய்த ஃபோல்டர். இரண்டும் தீர்ந்தது, எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. இதை ஸ்கிரிப்டாக எழுதினால் வரிசை எப்படி இருக்கவேண்டும்? குளோஸ் ஆனபிறகும் டிஸ்க் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுக்குமல்லி:

யூமவுண்ட், கிரிப்ட்செட்அப் குளோஸ், பிறகு யூடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் -பி /டெவ்/எஸ்டிபி. மூன்றுக்கும் நடுவில் இரட்டை ஆம்பர்சண்ட் போடுங்கள், ஒன்று தோற்றால் அடுத்தது ஓடக்கூடாது. ஸ்கிரிப்டில் எந்த இடத்திலும் -எல் கூடாது. தோற்றால் ஃபியூசர், லோசெட்அப், அந்த கிரெப் மூன்றின் வெளியீட்டையும் லாகில் எழுதிவிட்டு நிற்கட்டும்.

எஸ்டிபி என்ற எழுத்தை நம்பாதீர்கள், அடுத்தமுறை அது வேறு டிஸ்காக இருக்கலாம். /டெவ்/டிஸ்க்/பை-ஐடி கீழே சீரியல் எண்ணோடு இருக்கும் பெயரைப் பயன்படுத்துங்கள். உங்களிடம் சுழற்சியில் இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு பெயர்களையும் பட்டியலிட்டு, எது மாட்டியிருக்கிறதோ அதை எடுக்கச் சொல்லலாம்.

பவர்-ஆஃப் கமாண்ட் டிஸ்கின் கேஷை இறக்கச் சொல்லி, தகட்டை நிறுத்தச் சொல்லி, பிறகு யூஎஸ்பியிலிருந்தே சாதனத்தை விலக்கிவிடும். எல்எஸ்பிஎல்கே பட்டியலில் இனி அது இருக்காது. 10 நொடி பொறுங்கள், கை வைத்தால் அதிர்வு நின்றது தெரியும், பிறகு கேபிளை எடுங்கள். தனி அடாப்டர் உள்ள 3.5 அங்குல டிஸ்க் என்றால் முதலில் யூஎஸ்பி, பிறகு அடாப்டர். சில யூஎஸ்பி-சாட்டா பாலங்கள் நிறுத்தும் கமாண்டை டிஸ்குக்குக் கடத்தாது. அப்படியிருந்தால் பவர்-ஆஃபுக்கு முன் எச்டிபார்ம் -ஒய் (சின்ன எழுத்து) முயன்று பாருங்கள்.

இரண்டு டிஸ்க் போடும் டாக் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கவனம். பவர்-ஆஃப் யூஎஸ்பி சாதனம் முழுவதற்குமானது. டாக் ஒரே சாதனமாகத் தெரிந்தால் பக்கத்து டிஸ்கும் சேர்ந்தே போகும். அங்கே ஒரு டிஸ்கை மட்டும் விலக்க, எச்டிபார்மால் நிறுத்திவிட்டு /சிஸ்/பிளாக்/எஸ்டிபி/டிவைஸ்/டெலீட் ஃபைலில் 1 என்று எழுதவேண்டும். எழுதும் முன் எஸ்டிபி எந்த டிஸ்க் என்று பை-ஐடியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்றெல்லாம் அந்த ஃபைல் கேட்காது.